மூடியைப் பாதியில் விட்டுப் பார்

முட்டம்,
12.02.2024

அன்புள்ள தம்பி ஆன்ஸ்லினுக்கு அக்கா பேபி எழுதுவது.

இயேசுவுக்குப் புகழ். நானும் உன் அத்தானும் ஜிஷாவும் ஆண்டவர் தந்த கை கால்களோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு மட்டும் முழங்காலில் வலி. கடலுக்குப் போகிற நாளில் அந்த வலி வருவதில்லை, சந்தைக்குப் போய்வரச் சொன்னால் வருகிறது. உனக்கு அந்தப் பனியில் உடம்பு எப்படி? இருமல் விட்டதா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இருபத்தாறு வருஷமாக இந்த ஊர் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவள் நான். ஃபோனில் உன்னிடம் எதைக் கேட்டாலும் நீ சிரிக்கிறாய். சிரிப்பைத் திரும்ப வாசிக்க முடியாது. கடிதம் என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தடவை வாசிப்பேன், எங்கே இடறுகிறது என்று தெரிந்துபோகும்.

விஷயம் இதுதான். உன் மருமகள் ஜிஷா லைட்ஹவுஸ் போகிற ரோட்டில் ஓட்டல் தொடங்கப் போகிறாள். கொச்சியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த ஓட்டல் மாதிரியே, உங்கள் நார்வே பாணி. பேர் 'வடகடல்'. நாடு முடிகிற தென்கோடியில் நின்றுகொண்டு வடகடல் என்று பேர் வைத்திருக்கிறாள். சுவரெல்லாம் வெள்ளை, மாதா படம்கூட வைக்கக் கூடாதாம். தட்டு பெரிது, சாப்பாடு நடுவில் கொஞ்சம். ஒரு ஆளுக்கு ஒன்பது தட்டு மாற்றி மாற்றி வருமாம். வாழை இலையில் போட்டால் மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போகலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

அந்தத் தட்டெல்லாம் கழுவ மெஷின் வாங்க வேண்டும், எது வாங்குவது என்று மாமாவிடம் எழுதிக் கேளுங்கள் என்கிறாள். எனக்கு இதுதான் பிடிபடவில்லை. பெர்கன் பட்டணத்துப் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரனாக ஒரு மாமன் இருக்க, மீன் எப்படிச் செய்வது என்று கேட்காமல் பாத்திரம் கழுவுகிற மெஷினைப் பற்றியா ஒருத்தி கேட்பாள்? "சமையல் எனக்குத் தெரியும்மா" என்று வாயை அடைக்கிறாள். இந்தப் பெண்ணின் மனதில் ஏதோ இருக்கிறது. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள் அன்று திறப்பு. அன்றைக்கு நீ வந்து உன் கையால் சமைக்க வேண்டும். பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கவும் சொல்லிவிட்டேன். நீ ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது மக்கா. இந்தத் தடவை சாக்குச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் கண் பார்த்திருக்கும்,
அக்கா பேபி

*

பெர்கன்,
04.03.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு தடவை வாசித்தேன். இருமல் விட்டுவிட்டது. அத்தானின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். ஜிஷா கடை வைக்கிறாள் என்று கேட்டு ரொம்ப சந்தோஷம்.

மெஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அதை அப்படியே மெஷினுக்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் உள்ளே இருக்கிற சூடாக்கும் கம்பியில் வெள்ளை ஓடு பிடிக்கும், கண்ணாடி டம்ளரெல்லாம் மங்கலாகப் பூத்துப்போகும். தண்ணீரின் கடினத்தை எடுக்கிற தொட்டி ஒன்று முதலில் வைக்க வேண்டும், அதற்கு அவ்வப்போது உப்புப் போட வேண்டும்.

ஒரு மெஷின் போதாது, இரண்டு வேண்டும். டம்ளருக்கும் கிளாசுக்கும் சின்னது, மேடைக்கு அடியில் நிற்கும். தட்டுக்கு மூடியைத் தூக்கி இறக்குகிற பெரியது. இரண்டையும் கலந்தால் கிளாசில் மீன் வாடை ஏறும். கடைசி அலசல் தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில் தட்டு தானே காய்ந்துவிடும், துணி போட்டுத் துடைக்கிற வேலையே இல்லை.

அழுக்குத் தட்டு இடது பக்கமாக வரவேண்டும், சுத்தமான தட்டு வலது பக்கமாகப் போகவேண்டும். இரண்டு வழியும் குறுக்கே வெட்டக் கூடாது. மேடை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். ஒரு ராத்திரிக்கு அறுநூறு தட்டு தூக்குகிற ஆளுக்கு அரைச்சாண் உயரம் குறைந்தாலும் முதுகு போய்விடும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் கட்டாயம் வையுங்கள். ஆவியில் நிற்கிறவனுக்கு வெளியே பார்க்க ஏதாவது வேண்டும்.

செப்டம்பரில் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன். ஃப்ளெக்ஸ் எல்லாம் இப்போது வேண்டாமே அக்கா.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.
அன்புத் தம்பி,
ஆன்ஸ்லின்

*

முட்டம்,
25.03.2024

அன்புத் தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். தைலம் வந்தது. அத்தான் பூசிக்கொண்டு கடலுக்குப் போகிறார், சந்தைக்கு இன்னும் போகவில்லை.

உன் கடிதத்தை ஜிஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜன்னல் என்று வந்த இடத்தில் அவள் சிரித்தாள். மேசையில் கிடந்த பிளானை எடுத்துக் காட்டினாள். கழுவுகிற அறையில் கடலைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறாள். கல்லாவுக்குக்கூட ஜன்னல் இல்லை, கழுவுகிற அறைக்கு இருக்கிறது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எனக்கே தோணிச்சு" என்றாள். எனக்கும் சிலது தோன்றுகிறது, வெளியே சொல்லவில்லை.

தட்டுக்கான பெரிய மெஷின் வந்துவிட்டது. நாகர்கோவிலில் ஓட்டல் சாமான் விற்கிற தாணுமாலயன் என்கிறவர் கொண்டுவந்து இறக்கினார். அசல் இத்தாலிச் சரக்கு, பெட்டி பிரிக்காதது என்கிறார். மனுஷன் வாயைத் திறந்தால் 'அம்மா, அம்மா' என்று தேன் ஒழுகுகிறது. அவ்வளவு இனிக்கிறவரை நான் நம்பமாட்டேன். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒட்டியிருக்கிற டேப் இரண்டு தினுசு. இருபத்தாறு வருஷமாகப் பார்சல் பார்க்கிறவளுக்கு ஒரு தடவை பிரித்து ஒட்டின பெட்டி தெரியாதா? ஜிஷா, "சும்மா இருங்கம்மா, எல்லாரையும் சந்தேகப்படாதீங்க" என்கிறாள். இந்த மெஷின் புதுசா பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, உனக்குத் தெரியுமா?

இன்னொன்று. அங்கே மீனை வேகவைக்காமலே சாப்பிடுவார்களாமே, அதை எப்படிச் செய்வது என்று பங்குச்சாமியார் கேட்டார். விவரமாக எழுது. அன்பியச் செபக்கூட்டத்தில் நம் தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.
அக்கா பேபி

*

பெர்கன்,
15.04.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. உயிர்ப்பு ஞாயிறு பூசைக்கு இங்கே ஒரு சின்னக் கோவிலுக்குப் போனேன். நம் ஊர் மணிச்சத்தம் நினைவுக்கு வந்தது.

மெஷினுக்கு நான் சொல்கிறபடி செய்யுங்கள். மூடியைத் தூக்கிப் பாதியில் கையை விட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் புதுசு. பைய பைய இறங்கினால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அது பல லட்சம் தடவை தூக்கின மூடி. அடுத்து, உள்ளே சுற்றித் தண்ணீர் பீச்சுகிற கைபோன்ற குழாயைக் கழற்றி ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று. கடைசியாக, அடியில் இருக்கிற வடிகட்டியை எடுத்து மோந்து பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் பழைய நெய் வாடை அதிலிருந்து போகாது. மனிதன் பொய் சொல்லுவான், வடிகட்டி சொல்லாது.

அந்த மீனுக்கு உப்பும் சர்க்கரையும் சதகுப்பை இலையும் போட்டு இரண்டு நாள் குளிரில் வைப்பார்கள். அளவெல்லாம் ஜிஷாவுக்குத் தெரியும். நல்ல பண்டம், தட்டில் ஒட்டவே ஒட்டாது. முட்டையும் ஓட்ஸ் கஞ்சியும்தான் கஷ்டம். முட்டை ஒட்டின தட்டை முதலில் வெந்நீரில் காட்டக் கூடாது, இறுகிப்போகும். பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிறகு மெஷினில் ஏற்ற வேண்டும். ஒரு புள்ளி மிஞ்சினாலும் சமையல்காரர் தட்டைத் திருப்பி அனுப்புவார், ரொம்பக் கோபப்படுவார்.

மண்சட்டியை மட்டும் மெஷினில் வைக்க விடாதீர்கள். சோப்பைக் குடித்துவிடும், அப்புறம் மீன்குழம்பு நுரைக்கும்.

அன்புடன்,
ஆன்ஸ்லின்

*

முட்டம்,
10.05.2024

அன்புத் தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் நான் நன்றாக இருக்கிறேன், ஏனென்றால் நான் ஜெயித்தேன்.

தாணுமாலயனை வரவழைத்து அவர் கண் முன்னாலேயே மூடியைத் தூக்கிப் பாதியில் கையை விட்டேன். இரண்டு விநாடி நின்றது. அப்புறம் இறங்கினது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "காத்தாக்கும் அம்மா, கடக்காத்து" என்றார். எந்தக் காற்று கதவைத் திறக்காமல் உள்ளே வந்தது என்று கேட்டேன். வடிகட்டியை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கோழி வறுத்த வாடை. கோவளம் பக்கம் மூடிப்போன ஏதோ ஓட்டலில் கிடந்த மெஷின் என்று ஒத்துக்கொண்டார். மறுவாரமே புது மெஷின் வந்தது. மூடியை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. நானும் தினம் ஒரு தடவை விட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் மக்கா, போகும்போது அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அது என்னைத் தூங்க விடவில்லை. "இதையெல்லாம் ஒங்களுக்கு ஆரு சொல்லித் தந்தா?" என்று கேட்டார். என் தம்பி, நார்வேயில் தலைமைச் சமையல்காரன் என்றேன். தலையை ஆட்டினார். "இது சமையக்காரன் கேக்குற கேள்வி இல்லியே அம்மா. கழுவுகவன் கேக்குற கேள்வியாக்கும்."

பழைய மெஷினைப் புதுசென்று விற்கிறவன் பேச்சு என்று விட்டுவிட்டேன். அப்புறம் உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். மீனைக் கேட்டால் இரண்டு வரி, தட்டைக் கேட்டால் இரண்டு பக்கம். பண்டம் எல்லாவற்றையும் ஒட்டுமா ஒட்டாதா என்றுதான் பார்க்கிறாய். சமையல்காரர் கோபப்படுவார் என்று எழுதியிருக்கிறாய். நீதானே தலைமை, உனக்கு மேலே கோபப்படுகிற அந்தச் சமையல்காரர் யார்?

ஒளிக்காமல் எழுது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.
அக்கா பேபி

*

பெர்கன்,
02.07.2024

அக்காவுக்கு,

மரியே வாழ்க. பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். கோடைகாலம், கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வேலை அதிகம்.

நீங்கள் கேட்ட சமையல்காரர் பழைய ஆள், வயசானவர். அவ்வளவுதான்.

செப்டம்பரில் வரமுடியாது போலிருக்கிறது. ஜிஷாவிடம் சொல்லிவிடுங்கள். ஃப்ளெக்ஸில் என் படம் போட வேண்டாம்.

அத்தானுக்கு வலி குறைந்ததா?
ஆன்ஸ்லின்

*

முட்டம்,
22.07.2024

தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று உன் குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை ஓட்டலில் ஒத்திகை. கழுவுகிற அறைக்கு நம் தெரு ரெஜிலாவை வைத்திருக்கிறாள் ஜிஷா. கை சுத்தமான பெண். அந்த மெஷினுக்கென்று வந்த திரவத்தில் நுரையே வரவில்லை, நுரை வராதது எப்படி அழுக்கெடுக்கும் என்று சந்தேகப்பட்டு, வீட்டில் தேய்க்கிற சோப்புத்தூளை இரண்டு கை அள்ளி உள்ளே போட்டுவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மூடிக்கு அடியிலிருந்து நுரை பொங்கி முழங்கால் உயரத்துக்கு வந்தது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று அத்தான் ஓடி வந்தார்.

ஜிஷா உனக்கு ஃபோன் போட்டு லவுட் ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் 'மாமா' என்று மட்டும்தான் சொன்னாள். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீ சொன்னாய், "சத்தம் கேக்கு. பம்பு காத்தக் குடிக்குது. ஆரோ சோப்புத்தூளு போட்டுருக்கா. மெயினை அணை. அடிமூடியைத் திறந்து வெள்ளத்த விடு. ஒரு கை கல்லுப்பு வாரிப் போட்டு, பச்சவெள்ளம் ஊத்து. போட்டவள ஏசாத. எல்லாருக்கும் மொதல்ல இதுதான் நடக்கும்."

ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு மெஷினின் இரைச்சலைக் கேட்டே அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்கிறாய். தாய் பிள்ளையின் அழுகையைக் கேட்டுச் சொல்கிற மாதிரி. சமையல்காரனுக்கு எப்படித் தெரியும் இந்தச் சத்தம்?

நான் கேட்டுவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். நீ அங்கே என்ன வேலை செய்கிறாய்?

அக்கா

*

முட்டம்,
25.08.2024

ஆன்ஸ்லினுக்கு,

கடிதம் வரவில்லை. ஃபோனை எடுக்கிறாய், ஜிஷாவிடம் பேசுகிறாய், நான் வாங்கினால் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். எந்த வண்டி அது, எப்போதும் நான் பேசும்போதே வருவது?

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விட்டதா? நோயா? அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாயா? அப்படியென்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்வேன், ஆனால் அன்றைக்கே முடித்துக்கொள்வேன்.

ஜிஷா திறப்பு விழாவை டிசம்பர் எட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டாள். மாமா வராமல் கதவைத் திறக்கமாட்டாளாம். தச்சன் வேலை முடிந்து, தட்டுகள் அடுக்கி, எல்லாம் தயாராகிச் சும்மா கிடக்கிறது. உன்னைப் பெற்றவள் இல்லை, ஆனால் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தப் பாறையெல்லாம் ஏறினவள் கேட்கிறேன். எழுது.

அக்கா

*

பெர்கன்,
14.09.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

எட்டாம் தேதி இங்கே மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். உங்கள் இரண்டு கடிதங்களும் என் சட்டைப்பையில்தான் இருந்தன. எனக்கு நோய் இல்லை, வேலை போகவில்லை, யாரையும் கட்டவும் இல்லை.

நான் பாத்திரம் கழுவுகிறேன், அக்கா. இந்த ஓட்டலில் சேர்ந்த நாள் முதல் பதினாலு வருஷமாக அதுதான் வேலை. அடுக்களைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை. இரண்டு மெஷின், நான், ஒரு ரேடியோ.

நான் பொய் சொல்லவில்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் எப்படித் தொடங்கினது என்று மட்டும் சொல்கிறேன். கப்பல் வேலையை விட்டு இங்கே சேர்ந்த வாரம் அம்மாவுக்கு ஃபோன் செய்து, ஓட்டல் அடுக்களையில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாதம் பேசும்போது அம்மா, "சமையல் நல்லா வருதா மக்கா?" என்று கேட்டாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த வருஷம் நீங்கள் என்னைத் தலைமைச் சமையல்காரன் ஆக்கினீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். அதற்குத்தான் சிரித்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது, திருவிழாவுக்கு வந்த ஆயருக்கு என் தம்பிதான் சமைப்பான் என்று சாமியாரிடம் வாக்குக் கொடுத்தீர்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் இல்லை. போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தீர்கள், கசக்கக் கசக்கக் குடித்தேன். அதற்குப் பிறகு வர எனக்குத் துணிவு இல்லை.

வேலையில் எனக்கு வெட்கம் கிடையாது. முதல் வருஷத்துக்குப் பிறகு என் கையால் போன ஒரு தட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. ஊருக்கு முன்னால் நிற்கத்தான் வெட்கம். உங்களுக்கு முன்னால் அதைவிட வெட்கம்.

ஃப்ளெக்ஸில் இருக்கிற அந்த ஆள் நான் இல்லை. அவர் வரமாட்டார். ஜிஷா என்னை எதிர்பார்த்துக் கதவை மூடி வைத்திருக்க வேண்டாம், அவளுக்கு என்ன சொல்வதென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

ஆன்ஸ்லின்

*

முட்டம்,
06.10.2024

என் மக்கா ஆன்ஸ்லினுக்கு,

ஆண்டவர் பெரியவர். உன் கடிதத்தைத் தபால் ஆபீசிலேயே உடைத்து வாசித்தேன். அன்றைக்கு முத்திரை குத்தின கடிதமெல்லாம் தேதி தலைகீழாகப் போயிருக்கும்.

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபம் என் மேல் திரும்பினது. ஊரில் எல்லாரையும் துருவித் துருவிச் சந்தேகப்பட்டேன். தாணுமாலயனை, ஜிஷாவை, உன்னை. நான் சொன்னதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. அடுக்களையில் வேலை என்பதைச் சமையல்காரன் ஆக்கினது அம்மா. அதற்கு மேலே தலைமை என்று தொப்பி வைத்தது நான். நான் பீத்தினதுக்குப் பயந்து என் தம்பி ஒன்பது வருஷம் ஊர்ப்பக்கம் வராமல் கிடந்திருக்கிறான். காய்ச்சல் இல்லாதவனுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறேன் மக்கா. என்னை மன்னித்துக்கொள்.

ஃப்ளெக்ஸை நானே ஏணி வைத்து ஏறி அவிழ்த்தேன். அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார், முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை விறகுக்கு மேலே போர்த்தியிருக்கிறது, உன் முகம் உள்பக்கம்.

புதன்கிழமை அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் எழுந்து நின்றேன். "எனக்க தம்பி நார்வேயில பாத்திரம் கழுவுகான். இத்தன வருசமும் கூட்டிச் சொன்னது நானாக்கும்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினால் விழுந்து கும்பிடுகிறீர்கள், என் தம்பி தட்டைக் கழுவினால் கேவலமா என்று கேட்டேன்.

வெளியே வரும்போது டெனிஷின் அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் மகன் துபாயில் ஓட்டல் மேனேஜர் என்று உனக்குத் தெரியுமே. "பேபி, எனக்க மவனும் போன் பேசும்ப எப்பவும் கொழாயில வெள்ளம் விழுற சத்தம் கேக்குட்டீ. என்னதுன்னு கேக்கப் பயமாட்டு இருக்கு" என்று அழுதாள். அவளை வீடுவரைக்கும் கொண்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் ஜிஷாவை உட்கார வைத்து, உன் மாமா இப்படி என்று மெதுவாக எடுத்தேன். "தெரியும்மா" என்றாள். கொச்சியில் வேலை பார்த்தபோதே உன் ஓட்டலின் வெப்சைட்டில் வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கிற படத்தைப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் நீல ஏப்ரன் கட்டி, கையில் தட்டுக்கூடையோடு நீ. அடியில் பேரும் வேலையும் போட்டிருந்ததாம். இரண்டு வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு போலீஸ்காரி, நான் ஊரைக் காவல் காத்திருக்கிறேன்.

அப்படியென்றால் எதற்கடி என்னை எழுதச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மீனப் பத்திக் கேட்டா மாமா பொய் சொல்லணும்லா. மெஷினப் பத்திக் கேட்டா உள்ளதச் சொல்லலாம்."

அந்த ஜன்னலும் உனக்காகத்தான் வைத்திருக்கிறாள். சமையல் அவள் பாடு. அந்த அறை, இரண்டு மெஷின், ரெஜிலாவைப் பழக்குவது, அது உன் பாடு என்கிறாள். தலைமை யாரும் இல்லையாம். வா மக்கா. வந்து என் முன்னால் நில். வெட்கப்பட வேண்டியது நான்.

அக்கா பேபி

*

பெர்கன்,
27.10.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. நான் சுகம். அறுநூறு தட்டு கழுவின பிறகு அடுக்களைப் படியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை வாசித்தேன். சமையல்காரர் வந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அத்தான் வண்டி கொண்டுவர வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். கடினம் எடுக்கிற தொட்டிக்கு உப்புப் போட்டாயா என்று ரெஜிலாவிடம் கேளுங்கள். மூடியைத் தினமும் விட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள் அக்கா, நீங்களே அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுவீர்கள்.

ஒரு உதவி. டெனிஷின் துபாய் விலாசத்தை அவன் அம்மாவிடம் கேட்டு உடனே எழுதி அனுப்புங்கள். புறப்படுவதற்கு முன் அவனுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன். துபாய்த் தண்ணீரில் கழுவினால் கிளாஸ் பூத்துப்போகிறதா, அதற்கு என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்பேன்.

அன்புத் தம்பி,
ஆன்ஸ்லின்